மாமனார் துப்பாக்கியில் ஒரே ஒரு ஸ்க்ரூ

மேப்பிள் ஃபோர்க், பென்சில்வேனியா
நவம்பர் 14

மதிப்பிற்கும் அச்சத்திற்கும் உரிய மைத்துனர் கிளேட்டன் ஹாஸ்டெட்டர் அவர்களின் சமுகத்திற்கு, தங்கள் தங்கை லோர்னாவைக் கைப்பிடித்தவனும் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியனுமாகிய எல்வுட் கெம்ப் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் இருவரும் கடவுள் புண்ணியத்தில் சௌக்கியம். தங்கள் முழங்கால் வலி மட்டுப்பட்டு, டார்லாவும் தாங்களும் முதல் பனிக்கு முன்பே விறகு அடுக்கி முடித்திருப்பீர்கள் என்று நம்புகிறோம். லோர்னா அனுப்பிய ஆப்பிள் பாகு உடையாமல் வந்து சேர்ந்ததா என்று அவள் கேட்கச் சொன்னாள்.

இந்தக் கடிதத்தை தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் தாங்கள் "விஷயத்துக்கு வா மாப்ளே" என்பீர்கள். இதில் விஷயம் வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும். தங்களிடம் சங்கதியைப் பூசி மெழுகாமல் சொல்வதென்றால் எழுத்துதான் எனக்குத் தைரியம்.

ஆகஸ்டில் குடும்பமெல்லாம் கூடிய பிக்னிக்கில், வறுத்த சோளம் தின்று முடித்த கையோடு, தாங்கள் என்னைத் தனியாகக் காரின் பின்பக்கம் கூட்டிப்போய், போர்வைக்குள்ளிருந்து மாமனாரின் மான் வேட்டைத் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தது நினைவிருக்கும். அதன் பின்பக்க மரக்கட்டையில் மானுக்கு ஒன்றாகச் செதுக்கியிருந்த பதினான்கு வெட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தடவிக் காட்டி, இது பனிப்புயலில் விழுந்த மான், இது மாதாகோயில் வேலியைத் தாண்டின மான் என்று ஒவ்வொன்றுக்கும் கதை சொன்னீர்கள். சொல்லும்போது தங்கள் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது. "ஒரே ஒரு ஸ்க்ரூ ஆடுது மாப்ளே. நீதான் ஏதோ பட்டறையில சேர்ந்திருக்கியாமே. அதை இறுக்கிக் கொண்டா, இந்த வருஷம் முகாம்ல அப்பாவோட பரண் உனக்கு" என்றீர்கள். மச்சான், தங்களுக்கு அது வாய்வார்த்தையாக இருக்கலாம். இருபத்திரண்டு வருஷமாக, முகாம் போடும் பாட்டர் கவுண்டிக் காட்டுக் குடிசைக்கு வருகிறேன். மான் சீசன் தொடங்குகிற திங்கட்கிழமை விடியலில் ஹாஸ்டெட்டர் வம்சமெல்லாம் ஆரஞ்சு நிறச் சட்டையோடு காட்டுக்குள் போகும், வாசலில் நின்று வழியனுப்பிவிட்டு நான் உள்ளே போய் உருளைக்கிழங்கு உரிப்பேன். திரும்பி வந்து எல்லாரும் ஓடையோரம் அது பாய்ந்ததையும் இது பதுங்கியதையும் பேசுகையில் எனக்குப் பேச உருளைக்கிழங்கு மட்டும்தான் இருக்கும். மரத்தின்மேல் கட்டிய அந்தப் பரணில் ஒரே ஒரு விடியல் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. மான் வராவிட்டாலும் பரவாயில்லை, சும்மா உட்கார்ந்தால் போதும். இதை நான் லோர்னாவிடம்கூடச் சொன்னதில்லை.

நிற்க. பட்டறையைப் பற்றித் தங்களுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் ஒருவன் ஓய்வுபெற்றால் அவனை வீட்டைவிட்டு வெளியேற்ற மனைவிமார்களுக்கு இரண்டு வழிதான், ஒன்று தேவாலயக் கூரை நிதிக் குழு, இன்னொன்று பழைய பால் நிலையக் கட்டடத்தில் இருக்கும் பொதுப் பட்டறை. ஒரு லேத், ஒரு சாணை இயந்திரம், ஒரு விறகடுப்பு, கொட்டிக் கிடக்கும் அரங்கள், அவ்வளவையும் பொதுவில் வைத்துக்கொண்டு, வீட்டுத் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கவும் புதிதாக இழைக்கவும் ஆசைப்பட்டவர்கள் சந்தா கட்டி வருகிறார்கள். அங்கே ஒரு விசித்திரம். அவரவர் சொந்தத் துப்பாக்கியை எவரும் முடித்ததாகச் சரித்திரமில்லை. எல்லார் பெயரிலும் அலமாரியில் பாதித் துப்பாக்கி தூசியோடு கிடக்கும். ஆனால் அடுத்தவன் வேலையைப் பார்த்துவிட்டால் போதும், கை துறுதுறுக்கும், சாப்பாடு தண்ணி மறந்து அதில் கை வைத்துவிட்டுத்தான் மறுவேலை. இந்த வழக்கம் எனக்குத் தெரியும். தெரிந்தும் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தேன் பாருங்கள், அதுதான் என் கிரகம்.

முதல் நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பள்ளிக்கூட உணவகத்தில் முப்பது வருஷம் தலைமைச் சமையல்காரியாக இருந்த பெர்னீஸ் என்ற அம்மாள்தான் பட்டறைக்குப் பொறுப்பு. அவள் பழைய ஸ்க்ரூவைப் பார்த்துவிட்டு, "இதுல மரை தேஞ்சுபோச்சு வாத்தியாரே. புதுசு கடைஞ்சாத்தான் ஆகும். கண்ணாடி போடு" என்றாள். மூக்குக்கண்ணாடிமேல் பாதுகாப்புக் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாமல், அவள் சொல்லச் சொல்லக் கடைந்தேன். ஐந்தாவது ஸ்க்ரூ ஸ்க்ரூ மாதிரியே வந்தது. மாட்டினேன். ஆடவில்லை. அங்கேயே துப்பாக்கியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. ஆனால் சந்தோஷத்தில், லேத்தின் பிடியை இறுக்கும் சக் சாவியை லேத்திலேயே விட்டுவிட்டேன். அந்தச் சாவி மாட்டியிருக்கும்போது யாராவது லேத்தை ஓட்டினால் அது பறந்து வந்து பல்லைப் பேர்க்கும், அதனால் பட்டறையில் அது பஞ்சமாபாதகம். தண்டனை, மறுநாள் எல்லாருக்கும் வீட்டில் சுட்ட பை பலகாரம் கொண்டுவர வேண்டும். லோர்னா கருப்பஞ்சாற்றுப் பாகு ஊற்றி அருமையாக ஒன்று சுட்டுக் கொடுத்தாள். அதைத் தின்ன ஊரே கூடிவிட்டது. தின்றவர்கள் கையைத் துடைத்துக்கொண்டே மேஜைப் பக்கம் பார்த்தார்கள். அங்கே, இரவு பூட்டி வைத்த அலமாரியிலிருந்து எடுத்துத் தங்கள் துப்பாக்கியை வைத்திருந்தேன், கொண்டுபோவதற்காகத்தான்.

முதலில் கை வைத்தவர் பல் டாக்டர் லாவர். சட்டைப்பையிலிருந்து குட்டிக் கண்ணாடியை எடுத்தார், குழலுக்குள் விட்டார், எட்டிப் பார்த்தார், "ச்ச்ச்" என்றார். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். "எல்வுட், இது ஆரம்பத்துல கவனிச்சிருந்தா பரவாயில்லை. இப்போ வேர் வரைக்கும் போயிடுச்சு" என்றார். உள்ளே துருவாம். ஒரு ஸ்க்ரூவுக்குப் போனவனுக்கு, கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது. "வெளிப்பக்கக் கறுப்பும் போயிடுச்சு. குழலைக் கழட்டிக் குடு, புதுசாக் கறுப்பேத்தித் தர்றேன்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், அதுதான் திறந்திருந்ததே, அவர் கழற்றிவிட்டார். அவர் செய்யும் வைத்தியம் என்னவென்றால், குழலை ஈரக்காற்றில் தொங்கவிட்டு வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, அந்தத் துருவை வெந்நீரில் வேகவைத்துக் கறுப்பாக்குவது. துருவுக்கு மருந்து துரு. ஈரக்காற்றுக்கு அவர் வீட்டுக் குளியலறைதான் லாயக்காம், அவர் மனைவி அவ்வளவு சூடாகக் குளிப்பாளாம். குழலைத் திரைக்கம்பி பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார். அந்த வாரம் பார்த்து மெதடிஸ்ட் பாதிரியார் விருந்தாளியாக வந்து தங்கியிருக்கிறார், துண்டு போடக் கம்பி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து ஈரத்துண்டை அதன்மேல் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் குழல் நடுவில் துண்டு அகலத்துக்கு ஆரஞ்சுப் பட்டை. துண்டிலும் பட்டை. பாதிரியார் முதுகிலும் பட்டை என்று கேள்வி, நான் பார்க்கவில்லை. டாக்டர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் மனைவி என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் இப்போதெல்லாம் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறாள்.

குழல் இப்படிப் போக, மிச்சம் மரக்கட்டை மேஜையில் அநாதையாகக் கிடந்தது. அதைத் தூக்கியவர் மெர்வின் ஸ்ட்ரூப். எங்கள் ஊரில் இறந்தவர்களை அடக்கத்துக்குத் தயார்செய்யும் நிலையம் அவருடையது. சாதுவான மனிதர், சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. கட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, "ரொம்பக் கஷ்டப்பட்டிருக்காங்க பாவம்" என்றார். நான் மாமனாரைத்தான் சொல்கிறார் என்று நினைத்து ஆமாம் என்றேன். "கவலைப்படாதீங்க, நாங்க பாத்துக்கறோம். நீங்க வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்று என் தோளைத் தட்டினார். அந்தக் குரலில் அவர் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. என் சித்தப்பா செத்தபோதும் அப்படித்தான், விலை கூடின பெட்டியை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

இரண்டு வாரம் கழித்து மெர்வின் நிலையத்துக்குப் போனேன் மச்சான். சவப்பெட்டிகள் வைத்திருக்கும் கண்ணாடி அறையில், மெழுகுவர்த்தி விளக்கு வெளிச்சத்தில், கூரையிலிருந்து ஒரு நூலில் கட்டை தொங்கிக்கொண்டிருந்தது. தேன் நிறம். முகம் பார்க்கலாம். ஒரு கைம்பெண் நின்று, "என் வீட்டுக்காரருக்கு இதே மரத்துல ஒரு பெட்டி வருமா" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். நான் பெருமையாகக் கிட்டே போய்ப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் பார்த்தேன். வெட்டுகளைக் காணோம். ஒன்றுகூட இல்லை. ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டி வைத்து மரத்தை ஊதவைத்து, ஊதாத இடத்தில் மரத்தூளும் பசையும் குழைத்து நிரப்பி, உப்புத்தாள் போட்டு இழைத்துவிட்டார். இறந்தவர்கள் முகத்தில் சுருக்கம் நீக்கிப் பழகின கை, என்ன செய்வார். "பதினாலு காயம் இருந்துச்சுங்க. குடும்பத்துக்காரங்க பாக்கும்போது இப்படித் தெரியக்கூடாதில்லையா" என்றார் அடக்கமாக. பக்கத்தில் இருந்த ஓக் மரப் பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தங்கள் கலங்கின கண்தான் எதிரே வந்து நின்றது. மாமனார் எனக்குப் பெண் கொடுத்தவர், என்னை ஒரு நாளும் குறைத்துப் பேசாதவர். அவர் காட்டில் கழித்த பதினான்கு நல்ல நாட்களை நான் ஒரு ஸ்க்ரூவுக்காகத் துடைத்துவிட்டேன் என்று நினைத்து மூக்கை உறிஞ்சினேன். மெர்வின் வழக்கப்படி ஒரு கைக்குட்டை கொடுத்தார்.

இதில் இன்னொரு சங்கடம். கட்டையைக் கொடுங்கள் என்றால் கொடுக்கமாட்டேன் என்கிறார். ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பதற்குப் பட்டறைக்காரர்களுக்குள் ஒரு வேதவாக்கு இருக்கிறது, தினம் ஒரு தடவையாக ஒரு வாரம், வாரம் ஒரு தடவையாக ஒரு மாதம், மாதம் ஒரு தடவையாக ஒரு வருஷம், பிறகு வருஷம் ஒரு தடவையாக ஆயுசுக்கும். "யாரோட ஆயுசுக்கு மெர்வின்" என்று கேட்டேன். "எங்க தொழில்ல அதைக் கேக்கறதில்லைங்க" என்றார். கடைசியில் பெர்னீஸ் வந்து, "சீசன் வருது, குடுடா" என்று அதட்டித்தான் வாங்கித்தந்தாள்.

நேற்றுப் பட்டறையில் எல்லாவற்றையும் பூட்டினோம். குழல் நாவல்பழக் கறுப்பு, கட்டை தேன், ஸ்க்ரூ ஆடவில்லை. மூன்று பேரும் தள்ளி நின்று கல்யாணப் பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள், அந்தப் பட்டறையில் முழுசாக முடிந்த முதல் துப்பாக்கி அது. நான் மட்டும் வெட்டு இருந்த இடத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். யாரும் பார்க்காத நேரத்தில் முக்கோண அரத்தை எடுத்து, பழைய இடத்திலேயே பதினான்கு வெட்டு போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கட்டையில் வைத்தேவிட்டேன். பின்னாலிருந்து பெர்னீஸ் குரல் வந்தது.

"என்ன பண்றே வாத்தியாரே?"

"பழசு மாதிரி ஆக்கறேன்."

"உங்க மாமனார் சுட்ட மானுக்கு நீ வெட்டுப் போடுவியா? நீ அங்க இருந்தியா?"

"உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருந்தேன்" என்றேன்.

"அப்போ அரத்தைக் கீழ வை. மச்சானுக்கு உள்ளதை உள்ளபடி எழுது. திட்டினா வாங்கிக்கோ. திட்டு வாங்கி எவனும் செத்ததில்லை, வேணும்னா மெர்வினைக் கேளு."

அரத்தைக் கீழே வைக்கும்போதுதான் கட்டைவிரல் நசுங்கியது. அது கிடக்கட்டும்.

ஆகவே மச்சான், உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். துப்பாக்கி கடையில் வாங்கினதுபோல் இருக்கிறது, மாமனார் மட்டும் அதில் இல்லை. இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப்போவதில்லை. பரணைக் கேட்கும் யோக்கியதை எனக்கில்லை என்பதும் தெரியும், அதைத் தங்கள் மருமகனுக்கோ வேறு யாருக்கோ கொடுத்துவிடவும். நன்றி கூறும் நாள் விருந்துக்குத் துப்பாக்கியோடு நேரில் வருகிறேன். சாப்பாட்டு மேஜையில் எல்லார் முன்னாலும் திட்டினாலும் சரி, கொட்டகைக்குக் கூட்டிப்போய்த் திட்டினாலும் சரி. முகாமில் என் கத்தியோடு என் மூலையில் இருந்துகொள்கிறேன், இனி ஆயுசுக்கும் உருளைக்கிழங்கே என் கதி என்று ஏற்றுக்கொண்டுவிட்டேன். லோர்னாவிடம் இன்னும் சொல்லவில்லை, தாங்களும் நான் வரும்வரை சொல்லவேண்டாம்.

தங்களுக்கும் டார்லாவுக்கும் கர்த்தர் நல்ல சுகத்தையும், கனத்த கொம்புள்ள மானையும், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் பொறுமையையும் அருள வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புக்கு ஏங்கும் மாப்பிள்ளை,
எல்வுட் கெம்ப்

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டாம். படித்துவிட்டீர்களானால், மன்னிப்புக் கேட்டிருக்கும் இடங்களையெல்லாம் பேனாவால் அடித்துவிடுங்கள்.

உறையில் ஒட்ட ஸ்டாம்பு தேடிக்கொண்டிருந்தபோது லோர்னா சமையலறைக்குள் வந்துவிட்டாள். மேஜையில் துப்பாக்கி. நான் எழுந்து மறைப்பதற்குள், "யாரோடதுங்க இது, ரொம்ப அழகா இருக்கே" என்றாள். சரி, தலைக்கு மேல் போயாச்சு, சொல்லிவிடுவோம் என்று, "உங்க அப்பாவோடது லோர்னா" என்றேன். அவள் அதைத் தூக்கி, குண்டு இல்லையா என்று உங்கள் வீட்டுப் பெண்ணின் பழக்கப்படி திறந்து பார்த்து, தோளில் வைத்தாள். வைத்தவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அப்பா எவ்வளவு உயரம்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? எனக்குக் காது வரைக்கும்தான் வருவார். கட்டை நீளமா இருக்குன்னு பின்பக்கம் ரம்பத்தால அறுத்துட்டார். அது மொண்ணைத் துப்பாக்கி. இதை அவர் தோள்ல வச்சா விசைக்கு விரல் எட்டாது."

"அப்போ இது யாரோடது?"

அவள் உங்கள் வீட்டுக்குப் போன் போட்டாள். நீங்கள் தீவனக் கடைக்குப் போயிருந்தீர்களாம். டார்லா எடுத்தாள். டார்லாவுக்குப் பொய் சொல்ல வராது என்பது உங்களுக்கே தெரியும், மச்சான். அப்பாவின் துப்பாக்கி உங்கள் அலமாரியிலேயே பத்திரமாக இருக்கிறதாம். இது ஜூலையில் சாலையோரச் சந்தையில் வாங்கினதாம், வெட்டுகளும் அதோடே வந்தவையாம். "எல்வுட் கையில அப்பாவோடதைக் குடுக்க எனக்கென்ன பைத்தியமா, இதைக் கெடுத்துட்டு வரட்டும், அப்புறம் பரண் பேச்சையே எடுக்கமாட்டான்" என்று முகாம் ஆட்களிடம் சொல்லிச் சிரித்தீர்களாம். யாரோ ஊர் பேர் தெரியாதவனின் பதினான்கு மானுக்கு மாதாகோயில் வேலி சகிதம் கதை கட்டி, கண்ணும் கலங்கிக் காட்டினீர்கள். நானும் கூடச் சேர்ந்து அழுதேன். பத்து நாளாக எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

லோர்னா போனை வைத்தபோது சிரிப்பு போய்விட்டிருந்தது. அப்பா பேரைச் சொல்லி விளையாடினது அவளுக்குப் பிடிக்கவில்லை. பிறகு இந்தக் கடிதத்தை வாங்கி முதலிலிருந்து படித்தாள், பரண் வருகிற இடத்தில் நிறுத்தி, "ஏங்க, இவ்வளவு வருஷமா ஏன் என்கிட்ட சொல்லலே" என்றாள். நான் மறுபடி ஸ்டாம்பு தேடினேன். "அந்தப் பரண்ல ரெண்டு பேர் உக்காரலாம். சின்ன வயசுல நானும் அப்பாவும் உக்காந்திருக்கோம். கிளேட்டனுக்கு உயரம்னா பயம், அவன் ஏறினதே இல்லை" என்றாள்.

ஆகவே மச்சான், நீங்கள் ஸ்க்ரூவை இறுக்கிக் கொண்டுவரச் சொன்னீர்கள், இறுக்கிவிட்டேன். எந்தத் துப்பாக்கி என்பது நம் பேச்சில் இல்லை. இன்று சாயங்காலமே இரண்டு பேருக்கும் வேட்டை லைசன்ஸ் எடுத்துவிட்டோம். சீசன் தொடங்குகிற திங்கட்கிழமை விடியலில் நானும் உங்கள் தங்கையும் அப்பாவின் பரணில் இருப்போம், அவருடைய மொண்ணைத் துப்பாக்கியை அவளுக்காக எண்ணெய் போட்டு எடுத்து வைக்கவும். காலைச் சாப்பாட்டுக்கு ஆள் வேண்டுமே என்று நான் கேட்டேன். அதற்கு உங்கள் பெயரைச் சொல்லிவிட்டாள், நானும் யோசித்துப் பார்த்தேன், வேறு யாரும் தோன்றவில்லை. கஷ்டம் ஒன்றுமில்லை. பன்னிரண்டு பேருக்கு ஒரு மூட்டை சரியாக இருக்கும். முளைவிட்ட கண்ணையெல்லாம் ஆழமாகத் தோண்டி எடுத்துவிடவேண்டும், மேலாகச் சீவினால் கசக்கும். உரித்ததை உடனுக்குடன் தண்ணீரில் போட்டுவிடுங்கள், நாங்கள் இறங்கி வர நேரமாகும், அதற்குள் கறுத்துப்போய்விடும்.